ககேத்தியிலிருந்து ஓஸ்லாவியாவுக்கு ஒரு தாழி

ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான ககேத்தியில் தாழி வனைகிற குயவர் ஒரே சமயத்தில் பல தாழிகளைக் கையில் எடுத்துக்கொள்கிறார். ஒரு தாழியை ஒரு நாளில் சில விரற்கடைக்கு மேல் உயர்த்த முடியாது. ஈரமண் தன் கனம் தாங்காமல் சரிந்துவிடும். திரித்த மண்ணை வளையமாக வைத்து, தட்டி ஒட்டி, அது இறுகும்வரை அடுத்த தாழிக்குப் போகிறார். சக்கரம் கிடையாது. தாழி நின்ற இடத்திலேயே நிற்க, குயவர்தான் அதைச் சுற்றி வருகிறார். ஆளை விழுங்கும் உயரத்துக்கு அது வளர்ந்து, காய்ந்து, சூளைக்குப் போக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

குவெவ்ரி என்பது இதன் பெயர். நம் ஊர் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பருத்த வயிறு, கூர்ந்த அடி, மண்ணில் புதைந்த இருப்பு.

சூளைக்குள் தாழிகளை நிறுத்தி, வாசலைச் செங்கல்லால் அடைத்து, ஒரு வாரம்போல விறகெரிக்கிறார்கள். வெளியே எடுத்ததும், சூடு ஆறுவதற்குள் உட்புறம் முழுக்கத் தேன்மெழுகு பூசியாக வேண்டும். மெழுகு உருகி, மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கும். இந்தப் பக்குவத்தை எந்தப் பள்ளிக்கூடமும் நெடுங்காலம் கற்றுத்தரவில்லை. அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொண்டான். சோவியத் காலத்து ஆலைகள் பெரிய தொட்டிகளில் ஒயின் செய்து குவித்தபோதும், வீட்டுக்கு வீடு இருந்த ‘மரானி’ என்னும் ஒயின் அறையில் தாழி பிழைத்துக் கிடந்தது. யுனெஸ்கோ 2013இல் இந்த முறையை மானுடப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மண்கல ஓடுகளில் சுமார் 8,000 ஆண்டுக்கு முந்தைய ஒயினின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த நீண்ட மரபைக் காப்பாற்றி வந்தவை சாதாரணக் குடும்பங்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்படி வனைந்த தாழிகளைத் தேடி 2000இல் ஒருவர் வந்தார். யோஷ்கோ கிராவ்னர். இத்தாலியின் வடகிழக்கே, ஸ்லோவேனிய எல்லையோரம் உள்ள ஓஸ்லாவியாவில் குடும்பத் தோட்டம் வைத்திருப்பவர். முதல் உலகப் போரில் இசொன்ஸோ ஆற்றங்கரைச் சண்டைகள் புரட்டிப்போட்ட மண் அது. கிராவ்னர் பழமையில் ஊறியவர் அல்லர். தந்தையின் முறையை விட்டு எவர்சில்வர் தொட்டிக்கு மாறினார். பிறகு புது ஓக் பீப்பாய்க்கு மாறினார். பேரும் புகழும் கிடைத்தன. 1987இல் கலிபோர்னியா போய் அங்கே வரிசையாக ஒயின்களைச் சுவைத்தபோது, தொழில்நுட்பம் போகும் திசையே அவருக்குக் கசந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஒன்றைக் கைவிட்டுத் தாழியிடம் வந்தாரே, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ககேத்தியிலிருந்து ஓஸ்லாவியாவுக்கு நெடுந்தூரம். சுட்ட மண் அடிபட்டால் அவ்வளவுதான். முதலில் வாங்கியவற்றில் பல வழியிலேயே உடைந்தன. தப்பி வந்தவை நிலவறையில் கழுத்துவரை புதைக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு அறுவடை தாழிக்குள் இறங்கியது.

அவர் நம்பியது ரிபோல்லா என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சையை. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை உடனே நீக்குவதுதான் வழக்கம். இங்கே தோலும் விதையும் சாற்றோடு தாழிக்குள்ளேயே மாதக்கணக்கில் ஊறுகின்றன. ஈஸ்ட்டும் சேர்ப்பதில்லை, குளிரூட்டுவதும் இல்லை. நொதிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து கட்டியாகும். கோலால் அடிக்கடி உள்ளே அமுக்கிவிட வேண்டும். கொதிப்பின் சூட்டைச் சுற்றியிருக்கும் மண் வாங்கிக்கொள்கிறது. அடங்கியபின் விதைகள் கூர்ந்த அடியில் போய்ச் சேர, அவற்றின் மேல் மண்டி படிந்து மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு மேலே ஏறாது. வடிகட்டி செய்கிற வேலையைத் தாழியின் வடிவமே செய்துவிடுகிறது. வசந்தத்தில் திறக்கும்போது வெள்ளைத் திராட்சையின் சாறு தேன் நிறத்துக்கு வந்திருக்கும். அதன்பிறகு பெரிய மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கான ஓய்வு. அறுத்த பழம் புட்டியாகிக் கடைக்கு வர ஏழாண்டுக்கு மேல் காத்திருக்கச் சம்மதிக்கிற குடும்பம் இது. பங்குதாரருக்குக் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனியால் இது முடியாது.

காலியான தாழியைக் கழுவுவது தனி உழைப்பு. ஜார்ஜியாவில் செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கோலில் கட்டிய தேய்ப்பானால் உட்சுவரைத் தேய்க்கிறார்கள். பெரிய தாழியென்றால் ஆளே உள்ளே இறங்குகிறார். கடைசி அலசலில் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். விரிசல் விடாத தாழி தலைமுறைகளைக் கடந்தும் உழைக்கும்.

இன்று பல நாட்டுத் தோட்டக்காரர்கள் குவெவ்ரி கேட்கிறார்கள். பெரிய தாழி வனையத் தெரிந்த குடும்பங்களோ ஜார்ஜியாவிலேயே மிகச் சில. ஓஸ்லாவியா ஒயினில் பாதி வேலையை ககேத்தியின் குயவர் சூளையிலேயே முடித்து அனுப்பிவிட்டார். புட்டியில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் அச்சாவதைப் போலத் தாழி வனைந்தவரின் பெயரும் அச்சாக வேண்டும் என்பது என் விருப்பம்.