வரி கட்டப் போனாலும் ஜெயில்

1965 டிசம்பர். டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ எல்லைச் சாவடி. ஹார்வர்டில் பாடம் நடத்திய டிமோதி லியரி வந்த காரில் கொஞ்சம் கஞ்சா சிக்குது. தண்டனை? 30 வருஷம்!

ஒரு குற்றச்சாட்டு, 1937-ல வந்த கஞ்சா வரிச் சட்டப்படி. வரி கட்டாம வெச்சிருந்தா குற்றம். சரி, கட்டிடலாமே? அங்கதான் வில்லங்கம். கட்டணும்னா பேர், விலாசம் எழுதிக் கொடுக்கணும். அது உள்ளூர் போலீஸ் கைக்கும் போகும். டெக்சாஸ்ல கஞ்சா வெச்சிருந்தாலே ஜெயில்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். லியரி தரப்பு பிடிச்சது அதைத்தான். 1969 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அடுத்த வருஷமே அரசு வரி வேஷத்தைக் கலைச்சிட்டு, நேரடியான தடைச் சட்டத்தையே கொண்டுவந்தது.