கம்பி கொணரும் வெப்பச் செய்தி

வெள்ளவத்தையில் காலி வீதியில் ஓடும் பேருந்துக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகம் செல்லும் லொறிக்கும் வேண்டிய டீசலில் ஒரு பகுதி, களனி கங்கைக்கு அப்பாலுள்ள சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகின்றது. 1969ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய நிலையம் அது. இத்தகைய நிலையங்களில் மசகு எண்ணெய் ஏறக்குறைய 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பெற்று, வெப்பநிலைக்கேற்பப் பல்வேறு எண்ணெய்களாகப் பிரிகின்றது. சூளைக்குள் இருக்கும் வெப்பநிலையைத் தொலைவிலுள்ள அறைக்கு அறிவிப்பது ஒரு கம்பியே. அக்கம்பி பொய்யுரைத்தால் எண்ணெய் கெடும்; உயிர்ச்சேதமும் நேரலாம். அதனை மெய்யுரைக்கச் செய்த வரலாறு ஒரு கப்பலிலே தொடங்குகின்றது.

1860ஆம் ஆண்டு, இரங்கூனையும் சிங்கப்பூரையும் இணைப்பதற்கெனச் செய்யப்பட்ட தந்தி வடம் கப்பலிற் சுருளாக அடுக்கப்பட்டிருந்தது. ஈரமுற்ற அவ்வடம் உள்ளே தானாகவே சூடேறியது. மேலே நின்றவர் கண்ணுக்கு அது புலனாகவில்லை. செப்புக் கம்பியைப் போர்த்திருந்த கட்டாப்பேர்ச்சாப் பிசினோ சூட்டில் இளகும் இயல்பினது. உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்பதை நன்கறிந்த வில்லியம் சீமென்ஸ், கம்பிச் சுருள்களை வட அடுக்குகளிடையே வைத்துத் தடையை அளந்தார். மறைந்திருந்த சூடு வெளிப்பட்டது. குளிர்நீர் பாய்ச்சி அதனைத் தணித்தனர்.

எனினும், செய்தியைக் கொண்டுசெல்லும் கம்பிக்கும் தடை உண்டன்றோ? கம்பி நீள நீள அளவு பிழைக்கும். 1871ஆம் ஆண்டு பிளாற்றின வெப்பமானியை விளக்கிய சீமென்ஸ், மூன்றாவது கம்பியொன்றைச் சேர்த்து, ஒன்றின் தடையை மற்றொன்று ஈடுசெய்யுமாறு அமைத்தார். கம்பி இணைப்பின் முதற்பாடம் இது.

பொருத்துதலின் பாடம் பின்னர் வந்தது. அவருடைய கருவிகள் கடுஞ்சூட்டில் நாளடைவில் அளவு மாறின. பிளாற்றினம் அதனைத் தாங்கிய பொருள்களால் மாசுற்றதே காரணம். 1887ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஹியூ கலண்டர், தூய பிளாற்றினத்தை மாசுபடாமற் காத்தால் அது நெடுங்காலம் நம்பத்தக்கது என நிறுவினார். கம்பி பழுதுற்றதன்று, அதனை இருத்திய இடமே பழுது.

இன்றைய ஆலைகளில் வெப்பநிலை அனுப்பும் கருவி, குறித்த எல்லையின் தாழ்ந்த வெப்பநிலைக்கு 4 மில்லியம்பியர் மின்னோட்டத்தையும், உயர்ந்ததற்கு 20 மில்லியம்பியரையும் அனுப்புகின்றது. சுழியத்திலிருந்து தொடங்காமைக்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும். அதனைக் குளிர்ச்சியென எவரும் மயங்கார். உணரியைக் காக்கும் உலோக உறையும் குழாயின் சுவரோடு நின்றுவிடாது, பாயும் எண்ணெயின் நடுப்பகுதி வரை செல்லுதல் வேண்டும். இன்றேல் சுவரின் சூட்டையே அது உரைக்கும்.

நேயர்களே, கருவி எத்துணை நுட்பமாயினும், அதனைப் பொருத்தும் தொழிலாளியின் கை நேர்மையாயிருந்தாலன்றி அதன் சொல் மெய்யாகாது. திருகாணியைச் சரிவர முறுக்கி, மூன்றாவது கம்பியை மறவாது இணைக்கும் அக்கையே பலருடைய உயிருக்குக் காவலாய் நிற்கின்றது.