இதரர்

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்து மெசபடோமியாவில் இறந்தார். வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ்ராவில் 1929இல் பிரிட்டிஷார் நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல். வெள்ளைச் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். மற்றவர்கள் அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் வெறும் தொகை. வங்கியில் இனம் தெரியாத சில்லறையை 'இதர' என்ற தலைப்பில் தள்ளுவோம். இங்கே இனம் தெரியாமல் இல்லை. பெயர்கள் இருந்தன, பதிவேட்டில் ஏறின. கல்லுக்கு வேண்டாம் என்பது யோசித்துச் செய்த தீர்மானம். பதவி, இனம் பாராமல் சமமாக நினைவுகூர்வதே கொள்கை என்று அறிவித்துக்கொண்ட யுத்தக் கல்லறை கமிஷன் செய்தது இது. 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது.

பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவரும் இருக்கிறார்: படை எண், 1917 ஜூலைக் கடைசியில் ஒரு தேதி. எப்படி இறந்தார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. அந்த மாதம் ரமாதி மீது நடந்த முதல் தாக்குதலில் ஏற்பட்ட சேதத்தில் பாதிக்கு மேல் வெயிலால். துருக்கியரின் குண்டு அப்புறம்தான். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு ஆதாரமில்லை. வீர மரணம் என்று எழுதிவிடுகிற சௌகரியத்தையும் நான் விரும்பவில்லை. பாலம் கட்டப் போனவர் அவர். வெயில் என்றே நினைக்கிறேன்.

தேதி கிடைத்ததில் ஒரு காரியம் ஆயிற்று. திதி தெரியாதவர்களோடு சேர்த்து மகாளய அமாவாசையன்று காவேரியில் அவருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவந்தோம். சாஸ்திரிகள் பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்: ஆடி, வளர்பிறை. பெரியம்மா காலண்டரில் குறித்துக்கொண்டாள்.