போய் வாங்க அஸ்வின்!

2023 ஜூன் 14. கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம். டி.என்.பி.எல். தொடரில் திண்டுக்கல் அணிக்கும் திருச்சி அணிக்கும் ஆட்டம். திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் வீசிய பந்தில் அவுட் என்று நடுவர் விரலைத் தூக்கினார். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார். மூன்றாவது நடுவர் நாட் அவுட் என்றார். விட்டாரா அஸ்வின்? அந்த ரிவ்யூ மீதே இன்னொரு ரிவ்யூ கேட்டார்! தீர்ப்பு மாறவில்லை. ஆனால் நாடு முழுக்க அதுதான் பேச்சு.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று நாள் முன்புதான் லண்டன் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி முடிந்திருந்தது. அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர்களில் உலகின் நம்பர் 1 அஸ்வின். ஆனாலும் ஆடும் பதினோரு பேரில் அவர் இல்லை. இந்தியா 209 ரன்னில் தோற்றது. இன்னொருவராக இருந்தால் வீட்டில் முடங்கியிருப்பார். அவரோ கோவைக்கு வந்து, மாநில லீக்கில் ஒரே ஒரு விக்கெட்டுக்காக மல்லுக்கட்டினார். அஸ்வின் யார் என்று புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதும்.

சென்னை மேற்கு மாம்பலம் தெருக்களில் ஆடி வளர்ந்தவர், என்ஜினியரிங் படித்தவர். ஆரம்பத்தில் தொடக்க பேட்ஸ்மேன்; பிறகுதான் சுழற்பந்துக்கு வந்தார். 2011 நவம்பரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதிலேயே 9 விக்கெட், ஆட்டநாயகன் விருது. மொத்தம் 106 டெஸ்டில் 537 விக்கெட், 6 சதம். இந்தியர்களில் அவரை விட அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் 619 எடுத்த கும்ப்ளே மட்டுமே.

இத்தனை இருந்தும் வெளிநாடு போனால் அவருக்கு இடம் நிச்சயமில்லை. 2021-ல் இங்கிலாந்தில் அந்நாட்டு அணிக்கு எதிராக நடந்த நான்கு டெஸ்டிலும் பெஞ்சில்தான் இருந்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் சிட்னியில் முதுகுவலியோடு 128 பந்துகள் நின்று, விஹாரியுடன் சேர்ந்து தோல்வியைத் தவிர்த்திருந்தார். அந்த வலியால் அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் ஆட முடியவில்லை. காயத்தால் அணியே காலியான அந்த ஆட்டத்தில்தான் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்டில் அறிமுகமானார். இந்தியா ஜெயித்து வரலாறு படைத்தது.

அதே பிரிஸ்பேனில், 2024 டிசம்பர் 18 அன்று, மழையால் டிரா ஆன டெஸ்டுக்குப் பிறகு அஸ்வின் விடைபெற்றார். அந்த ஆட்டத்திலும் அவர் ஆடவில்லை. சேப்பாக்கத்தில் கடைசிச் சுற்று இல்லை. தொடர் பாதியில் இருக்கும்போதே ஊர் திரும்பிவிட்டார். ரசிகர்களுக்கு அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. அவரோ, தகுதிக்காக அல்லாமல் வழியனுப்புவதற்காகத் தரும் இடம் தனக்கு வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கும் விடை கொடுத்தார்.

கோவைக்காரர்களுக்கு அவர் மேல் ஒரு செல்லக் கோபமும் உண்டு. 2024 டி.என்.பி.எல். இறுதியில் லைகா கோவை கிங்ஸை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது அவருடைய திண்டுக்கல் அணிதான். அன்றும் அரை சதம் அடித்தார் மனுஷன்!

சர்வதேச ஆட்டமோ, நவ இந்தியா பக்கத்துக் கல்லூரி மைதானமோ, அவருக்கு விக்கெட் விக்கெட்தான். கேட்க ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தால் கேட்டுவிட வேண்டும். சொந்த ஓய்வுக்கு மட்டும்தான் அவர் ரிவ்யூ கேட்கவில்லை.