எம்ஜிபி காரின் பற்றவைப்பும் இரட்டைக் கார்புரேட்டரும்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. இதன் 1,798 சிசி எஞ்சினும் நம் ஊர் அம்பாசிடரில் ஓடிய 1,489 சிசி எஞ்சினும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்துப் பிள்ளைகள்.

வண்டி திணறினால் கை முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகும். போகக்கூடாது. முதலில் வால்வு இடைவெளி, அடுத்துப் பற்றவைப்பு, கடைசியில்தான் கார்புரேட்டர். தீப்பொறி நேரம் தப்பும் எஞ்சினில் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், ஒரு கோளாறு இரண்டாகும்.

தொடக்க கால வண்டிகளில் இருப்பது லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். மூடியைக் கழற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினைச் சுற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைக்கவேண்டும். ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. கேமில் உரசும் பாயிண்ட்டின் அடிப்பகுதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், தீப்பொறியும் பிந்தும். கேமில் கடுகளவு கிரீஸ் வைத்தால் அந்தத் தேய்மானம் குறையும். எஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் மக்கர் செய்கிறதா? கண்டென்சரை மாற்றிப் பார்க்கலாம்.

கார்புரேட்டர்கள் இரண்டும் எஸ்யு. செருப்பு வணிகக் குடும்பத்தில் வந்த ஸ்கின்னர் சகோதரர்களின் பெயரால் அமைந்த ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம் அது. அவர்களது முதல் கார்புரேட்டரில் தோல் துருத்திதான் இருந்தது! பிறகு அந்த இடத்துக்கு பிஸ்டன் வந்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கேற்ப பிஸ்டன் ஏறி இறங்க, அதன் அடியில் உள்ள கூம்பு ஊசி ஜெட் துளையில் பெட்ரோலை அளந்து விடுகிறது. பிஸ்டனின் மேல்தண்டில் ஊற்றும் 20 கிரேடு எண்ணெய் வற்றினால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கும்.

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை இரண்டின் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, சீறல் ஒத்து ஒலிக்கும்வரை ஐட்லிங் திருகுகளைத் திருத்தவேண்டும். அடுத்துக் கலவை. பிஸ்டனைச் சுமார் 0.8 மி.மீ. உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், விழுந்தால் குறைவு, சற்றே கூடி உடனே பழையபடி அடங்கினால் சரி. ஜெட் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாகத்தான் திருப்பவேண்டும்.

சுத்தம் செய்யக் கழற்றும்போது பிஸ்டனும் அதன் மேல்கூடும் ஜோடி மாறக்கூடாது. ஆலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துச் சேர்த்தவை அவை. உப்புத்தாளும் வேண்டாம், பெட்ரோலில் நனைத்த துணியே போதும்.