சாவா மூவாச் சந்தா

பரிசு கொடுப்பது என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கற்பனை அதிகம் ஓடுவதில்லை. கல்யாணமா, ஒரு குத்துவிளக்கு. பிறந்த நாளா, ஒரு சட்டைத் துணி. பையன் பரீட்சையில் தேறினானா, ஒரு பேனா. கொடுத்தவருக்குத் திருப்தி, வாங்கிக்கொண்டவரும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். ஆனால் ஒரு மனிதருக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்திருந்தால், பரிசு கொடுக்கிறவர் பாடு திண்டாட்டந்தான். அதிலும் சின்ன ரயில் செய்து ஓட்டும் பைத்தியம் என்றால் கேட்கவே வேண்டாம். அவரிடம் இல்லாத எஞ்சின் எது என்று நமக்குத் தெரியாது. இருக்கிற எஞ்சினின் அருமையும் தெரியாது. ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போனால், “ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்துவிடுவார்.

இந்தத் தொல்லைக்கு மேல்நாட்டில் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொழுதுபோக்குக்கென்றே நடக்கும் பத்திரிகைக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி, நண்பருடைய விலாசத்துக்கு அனுப்பச் சொல்லிவிடுவது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இதற்கென்றே பத்திரிகைக்குள் ஒரு சீட்டு செருகியிருக்கும். ‘இன்னார் உங்களுக்கு இதை அளிக்கிறார்’ என்று பத்திரிகை ஆபீஸே ஓர் அட்டையையும் அனுப்பிவைக்கும். கொடுப்பது ஒரு தரம். நினைக்கப்படுவது பன்னிரண்டு தரம்.

பத்திரிகை மேல்நாட்டுச் சரக்காக இருக்கலாம். ஆனால் ஒரு தரம் கொடுத்து, அதன் பலன் நாள் தவறாமல் போய்ச் சேரும்படி செய்கிற வித்தை தஞ்சாவூர்ச் சீமைக்குப் புதிதல்ல. அது ஆயிரம் வருஷத்துப் பழக்கம்.

பெரிய கோயில் கல்வெட்டுக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜராஜன் காலத்தில் சந்நிதியில் ஒரு விளக்கு அணையாமல் எரியவேண்டும் என்று விரும்பியவர் எண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. இடையர் அவற்றை மேய்த்து, விளக்கு ஒன்றுக்குத் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டியும் போடும் அல்லவா? ஆகவே கணக்கில் 96 என்றைக்கும் 96தான். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் பெயர் வெட்டிவைத்தார்கள். பெயர்தான் எவ்வளவு அழகாக இருக்கிறது! சாகாத, மூப்படையாத ஆடு. இதைச் சந்தா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அதே மனப்போக்கை ஒரத்தநாட்டிலும் பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது ஊர். இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தாம்பாள் இறந்த பிறகு, அவள் பெயரால் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். முத்தாம்பாள்புரம் என்று ஊருக்கே இன்னொரு பெயர் வந்தது. அவர் சத்திரத்தை மட்டும் கட்டிவிட்டுப் போயிருந்தால், அது நாலு தூணும் ஒரு வௌவால் கூட்டமுமாகத்தான் மிஞ்சியிருக்கும். நிலத்தையும் எழுதிவைத்தார். ஒவ்வொரு போகம் விளைந்தபோதும் பரிசு மறுபடி புதிதாயிற்று. வழிப்போக்கர்கள் சாப்பிட்டார்கள், பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளும் சாப்பிட்டுப் படித்தார்கள். சரபோஜி பெரிய புத்தகப் பைத்தியம் என்பது நாடறிந்த விஷயம். அவர் திரட்டிய ஐரோப்பிய மொழிப் புத்தகங்களே 4,500க்கு மேல் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. கப்பல் வந்து சேரும்வரை புத்தகத்துக்காகக் காத்திருந்த அந்த மகாராஜாவுக்கு, தபால்காரனை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சந்தாதாரனின் மனசு நிச்சயம் புரிந்திருக்கும்.

ஒரத்தநாட்டுக்கு எல்லாம் வந்தது. ரயில் மட்டும் வரவில்லை. 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடிற்று; அடுத்த வருஷமே திருச்சிராப்பள்ளி வரை நீண்டது. பிறகு தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு துணிகரமான காரியம் செய்தது. நிலவரியோடு கூட ரயிலுக்கென்று தனி வரி வாங்கி, அந்தப் பணத்தில் தன் சொந்த ரயில் பாதையைப் போட்டது. 1894ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை. 1903ல் பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை. குடியானவர்கள் காலணா காலணாவாகக் கட்டிய பணத்தில் எஞ்சின் ஊதிற்று. அதுவும் ஒரு பெரிய சந்தாதான். ஒரத்தநாட்டுக்கு வடக்கே தஞ்சாவூரிலும் ரயில், தெற்கே பட்டுக்கோட்டையிலும் ரயில்; நடுவில் பஸ். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பையனுக்கு ரயில் பைத்தியம் பிடித்தால் அவன் எங்கே போவான்? அவனுக்குப் படமும் பத்திரிகையுந்தான் கதி.

ரயில் பைத்தியத்துக்குப் பத்திரிகை வந்த கதை சுவாரசியமானது. லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901ல் துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு யந்திரங்கள் செய்யும் விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் ‘மெக்கானோ’. 1916ல் அதற்கு ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். முதலில் அது விளம்பரத் துண்டு மாதிரி இனாமாகத்தான் வந்தது. அப்புறம் காசு கொடுத்து வாங்குகிற பத்திரிகையாக வளர்ந்தது. 1920ல் அவருடைய பொம்மை ரயில்களும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில், வியாபாரமெல்லாம் படுத்துக்கிடந்த 1934ம் வருஷம், மில்வாக்கி நகரத்தில் ஆல் கால்ம்பாக் என்ற அச்சுக்கூடத்துக்காரர் ‘மாடல் ரெயில்ரோடர்’ என்ற மாதப் பத்திரிகையைத் துவக்கினார். வேலையில்லாத காலத்தில் பொம்மை ரயிலுக்கு யார் பத்திரிகை வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும். வாங்கினார்கள். மெக்கானோ பத்திரிகை 1963க்குப் பிறகு கை மாறிக் கை மாறி நின்றுபோயிற்று. மாடல் ரெயில்ரோடரோ 2024ல் வேறு முதலாளியிடம் போன பிறகும் வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பத்திரிகைகளைக் கதைப் பத்திரிகை போல் படித்துவிட்டுத் தூர வைக்க முடியாது. ஆசாரியின் உளிபோல அவை ஒரு கருவி. எஞ்சினின் அளவுப் படம், ஸ்டேஷன் கூரையின் சாய்வு, மலையை அட்டையில் செய்யும் விதம் எல்லாம் அதில் இருக்கும். நம் ஊர் ரசிகருக்கு அது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உலகத்தில் அதிகம் விற்கும் சின்ன ரயில் 87ல் ஒரு பங்கு அளவு. அதன் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது மேல்நாட்டு ரயிலுக்குச் சரி. நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87ல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஜில்லா போர்டு போட்ட மீட்டர் கேஜோ பதினொன்றரைதான். ஆகவே கடைத் தண்டவாளத்தில் நம் ரயிலை ஏற்றினால், ஒன்று அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதை, அல்லது தம்பி சட்டையை அண்ணன் போட்ட கதை. ஸ்விட்ஸர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்கிறார்கள், திருவாரூர் வண்டிக்கு அது ஏறக்குறையப் பொருந்தும் என்ற செய்தி ஒருவருக்குப் பெரும்பாலும் பத்திரிகை மூலந்தான் எட்டும்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். ஜில்லா போர்டின் அந்த மீட்டர் கேஜ் இப்போது எங்கே? திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2019ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போன கிளைப் பாதை 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது. பாதை அகலமானது நல்லதுதான். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்தச் சின்ன வண்டியின் உயரம் என்ன, ஜன்னல் எத்தனை, பலகை என்ன நிறம் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதிவைக்கப்போவதில்லை. எழுதிவைப்பவர் அதை 87ல் ஒரு பங்காகச் செய்ய நினைக்கிற பைத்தியக்காரர்தான். அவருக்கு அளவு தப்பக்கூடாது. பூனாவில் 1998ல் திறந்த ஜோஷி சின்ன ரயில் காட்சிசாலை இப்படி ஒரு மனிதரின் வாழ்நாள் பித்தினால் உண்டானதுதான்.

படிக்கும் பொருளைப் படிப்பவன் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் காரியமும் இந்தப் பக்கத்தில் நடந்திருக்கிறது. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே மன்னார்குடி. அதற்கு அருகில் மேலவாசலில், ஓய்வுபெற்ற என்ஜினீயர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை 1931 அக்டோபரில் ஒரு மாட்டு வண்டி நூல்நிலையத்தை ஓடவிட்டார். வண்டி கிராமம் கிராமமாகப் போயிற்று. அந்த இயக்கத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வாசகன் யார் என்று அறிந்து, அவனுக்கு ஏற்ற நூலைத் தேடித் தருவதே நூலகனின் வேலை என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர். சந்தாவைப் பரிசளிக்கிறவரும் ஒரு மாசச் சின்ன வண்டியைத்தான் ஒருவர் வாசலுக்கு அனுப்புகிறார். இதற்கு வேண்டிய ஏற்பாட்டைத் தபால் இலாகா அதற்கு அரை நூற்றாண்டு முன்பே செய்துவிட்டது. வி.பி.பி. 1877ல் வந்தது, மணியார்டர் 1880ல்.

கொடுக்க நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நண்பர் எந்த அளவு ரயில் செய்கிறார், எந்த நாட்டு ரயில் என்று அவருடைய மனைவியிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க எஞ்சின் பிரியரிடம் ஆங்கிலேயப் பத்திரிகையைக் கொடுப்பது, பிலஹரி கேட்க வந்தவருக்கு முகாரி பாடுவது போல. ஏற்கனவே சந்தா கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்; கட்டியிருந்தால் இன்னொரு வருஷத்துக்கு நீட்டிவிடலாம். அடுத்த வருஷம் புதுப்பிப்பதா என்ற தர்ம சங்கடம் வரும். புதுப்பித்துவிடுங்கள். ராஜராஜன் காலத்து இடையர் ‘போன வருஷத்தோடு ஆடு தீர்ந்தது’ என்று சொல்ல முடியாது.

அந்தப் பத்திரிகை வீட்டுக்கு வரும்போது இன்னொன்றும் நடக்கிறது. “இந்த வயசில் பொம்மை ரயிலா?” என்று வீட்டாரும் தெருக்காரரும் சிரித்த மனிதருக்கு, மாதம் ஒரு தரம் தபால்காரர் பதில் கொண்டுவருகிறார். யாரோ ஒருவர் பணம் கட்டி, ‘உன் பித்து மதிக்கத்தக்கது’ என்று சொல்லியிருக்கிறார். மனிதர்கள் பெரும்பாலும் பரிசுக்காக ஏங்குவதில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்குகிறார்கள்.