இசைவும் பொது ஆவணமும்: ஆரணி நெசவாளரை முன்வைத்து

‘நக்கீரன்’ ஆசிரியர் ஆர். ராஜகோபால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று வகுத்த நெறி இரு கூறுடையது: ஒருவரது சொந்த வாழ்வை அவரது இசைவின்றி வெளியிடலாகாது; பொது ஆவணத்தில் உள்ளதற்கு அத்தடை இல்லை. 2017இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என அறிவித்தபின் முதற்கூறே பெரிதும் பேசப்பட்டது.

இரண்டாம் கூறு நலிந்த விதமே இங்குக் கருதத்தக்கது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான விலக்கிலிருந்த வரம்புகளை நீக்கிற்று. தகவல் உரிமை இயக்கத்தினர் எதிர்த்தது இதனையே. கைத்தறிக்கான இலவச மின்சாரப் பயனாளர் பட்டியலை ஆரணிப் பட்டு நெசவாளர் ஒருவர் கோரின், அதிலுள்ள பெயர்களே மறுப்புக்குக் காரணமாகலாம். பொதுநலன் கருதி வெளியிட 8(2) பிரிவு இடந்தருகிறது. எனினும் அந்நலனை முதலில் எடைபோடுபவர் பட்டியலை வைத்திருக்கும் அலுவலரே. மறுபுறம், அறிவிக்கப்பட்ட அரசுப் பதிவேட்டிலுள்ள அந்நெசவாளரின் தரவை மானியத்தின் பொருட்டுக் கையாள அரசுக்குப் புதிய இசைவு தேவையில்லை.